புல்லறுக்கப் போன கூறைச்சேலை

அந்த அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தூண்களின் உயரத்தைச் சொல்வார்கள், ராஜாவின் கட்டிலைச் சொல்வார்கள், தரையில் முகம் தெரிகிறது என்பார்கள். எனக்கு அதெல்லாம் அவ்வளவாக நினைவில்லை. அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் காதோரம் சூடேறுகிறது. ஆகவே இதை நான் நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற சாலையில் வாழப்பாடியைத் தாண்டிச் சில மைல் போனால் அந்த ஊர் வரும். பெயரைச் சொல்ல மாட்டேன். சுற்றுவட்டாரத்தை ஒரு காலத்தில் ஆண்ட சிறிய ராஜ வம்சம் ஒன்று அங்கே இருந்தது. கடைசி ராஜா வாரிசில்லாமல் போனார், ராணியும் போனாள், கட்டடம் சர்க்கார் கைக்கு வந்தது. வந்ததும் அதை மியூசியம் ஆக்கிவிட்டார்கள். பட்டணத்து மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்று ஜனங்கள் சொல்வார்கள் அல்லவா, இதற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பொருத்தமான பெயர்தான் என்பேன்.

மியூசியம் என்று பலகை மாட்டியாயிற்று, உள்ளே வைக்கச் சாமான் வேண்டாமா? ராஜாவின் வாளும் பல்லக்கும் நாலு அறைக்குக்கூடப் போதவில்லை போலிருக்கிறது. குடியானவர்கள் வீட்டுச் சாமான்களைச் சேகரித்து வரச்சொல்லி ஆட்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கிராமத்துக்கும் ஒருவர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா ஊர் மணியகாரர். கிஸ்தி வசூலும் பஞ்சாயத்தும் அவர் பொறுப்பு.

என் அப்பா கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல மனசு வராமல் போகலாம். ஆனால் கோட்டுப் போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றுவிட்டால் அவருக்கு முதுகெலும்பு இளகிப் போகும். வந்தவர் ஏர், கலப்பை, தவலை என்று பார்த்துக்கொண்டே வந்து, பெண்கள் கட்டுகிற பழைய சேலை ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றார். அன்று அம்மா காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா நேரே உள்ளே போய் அவளுடைய மரப்பெட்டியைத் திறந்து கூறைச்சேலையை எடுத்து வந்தார்.

கூறைச்சேலை என்றால் முகூர்த்தத்துக்குக் கட்டுகிற சேலை. அம்மாவுக்கு அதை எடுத்துக் கொடுத்தது அவளுடைய தாய்மாமன். ஜலகண்டாபுரத்துத் தறியில் சொல்லி நெய்யவைத்து, அரக்கு நிறத்தில், மஞ்சள் கரை போட்டு வாங்கி வந்தாராம். கல்யாணம் முடிந்த பிறகு பெண்கள் அதைக் கண்டபடி கட்டுவதில்லை. வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். புருஷன் இருக்கும்போதே ஒருத்தி கண்ணை மூடினால், எங்கள் பக்கத்தில், அந்தச் சேலையைக் கட்டித்தான் அவளை அனுப்பிவைப்பார்கள். பெட்டியில் அது இருக்கிறது என்பதில் பெண்களுக்கு ஒரு தைரியம்.

சாயங்காலம் அம்மா வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"படம் வரையறதுக்குக் கேட்டாங்க புள்ள. ரெண்டே மாசம். வரைஞ்சு முடிச்சுட்டுப் பத்திரமாக் கொண்டாந்து குடுத்துருவாங்க" என்றார் அப்பா.

ரெண்டு மாசம் ஆயிற்று, ரெண்டு வருஷம் ஆயிற்று. நான் வயதுக்கு வந்து, கல்யாணமாகி, சேலத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரோடு குடித்தனம் போட்டும் ஆயிற்று. அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். தாசில்தார் மாறிவிட்டார் என்பார். மழைக்காலம் கழியட்டும் என்பார். யுத்தம் வந்த பிறகு அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று, எதற்கெடுத்தாலும் யுத்தம்தான்.

அப்புறம் ஒரு வருஷம் அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டு, பிழைக்க மாட்டாள் என்று வைத்தியரே கையை விரித்துவிட்டார். பங்காளி வீட்டுப் பெண்கள் வந்து கூடினார்கள். நடக்கப் போவதற்குத் தயாராக ஒருத்தி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "கூறையக் காணமே, வித்துப்போட்டாங்களாக்கும்" என்று கிசுகிசுத்திருக்கிறாள். நினைவில்லாமல் கிடப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. அதைக் கேட்ட ஆத்திரத்திலேயே அவள் பிழைத்தாள் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

எழுந்து நடமாடத் தொடங்கிய மாசமே, சேலத்து டாக்டரிடம் உடம்பைக் காட்டப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, "அம்மிணி, நாளைக்கு அந்த அரமனைக்குப் போயிட்டு வந்துரலாம். சேலைய வாங்கிட்டுத்தான் நான் ஊருக்குப் போவேன்" என்றாள். நானும் மறுகேள்வி கேட்காமல் கிளம்பினேன்.

அது கரி பஸ் ஓடிய காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். அம்மா மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, எங்கள் எருமையின் நெய் ஒரு சொம்பு.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றேன்.

"ராசா ஊட்டுக்குப் போறோம், வெறுங்கையோட போவாங்களா? ராசா இல்லாட்டியும் உள்ளுக்குள்ள பெரிய அம்மிணி யாராச்சும் இருப்பாங்கல்ல. பொம்பளைக்குப் பொம்பளை எடுத்துச் சொன்னா மனசு எரங்கித் தருவாங்க."

ராணி இல்லை என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். அவ்வளவு நம்பிக்கையோடு அந்தச் சொம்பைப் பிடித்திருந்தாள்.

அரண்மனை வாசலில் காக்கித் தலைப்பாகையோடு ஒரு காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏனுங்க, ராணியம்மாளப் பாக்கோணுமுங்க. எந்தப் பக்கமாப் போறதுங்க?" என்று கேட்டாள்.

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ராணியா? ராணி போயி வருஷம் என்னா ஆச்சு! உள்ளார பாம்பப் பாட்டில்ல போட்டு வச்சிருக்காங்க, வேணும்னா அதப் பாத்துட்டுப் போம்மா."

அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை, வேறொன்று உறைத்தது. "ஊடு இத்தாம்பெருசா இருக்குது, ஊட்டுக்காரி இல்லீங்களா? அப்புறம் சாமானுக்கெல்லாம் ஆரு பொறுப்பு?" என்றாள். காவல்காரர் உள்ளே ஒரு ஆபீசர் இருப்பதாகக் கை காட்டினார். காட்டும்போதே அவர் கண் நெய்ச்சொம்பின் மேல் போயிற்று. அம்மா பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

உள்ளே சபை மண்டபம். அங்கே கத்தி, கேடயம், ராஜா சுட்ட புலியின் தோல், யானை மேல் வைக்கிற அம்பாரி. ஒவ்வொன்றின் கீழும் அச்சடித்த சீட்டு. ராஜாவின் ஹுக்காவுக்கு ஒன்பது வரி எழுதியிருந்தார்கள். அது எந்த ஊரில் செய்தது, யார் பரிசாகக் கொடுத்தது, எத்தனை ரத்தினம் பதித்தது என்று எல்லாம் இருந்தது. ஒரு மனிதர் புகை இழுத்த குழாய்க்கு ஒன்பது வரி! அம்மாவுக்கு நான் அவற்றைப் படித்துக் காட்டவில்லை, அவள் நிற்கவும் இல்லை. சேலை என்றால் பெண்கள் இருக்கிற பக்கம்தானே இருக்கும் என்று அந்தப்புரம் எங்கே என்று விசாரித்துக்கொண்டே போனாள்.

அந்தப்புரத்தில் ஆள் உயரத்துக்கு மண் பொம்மைகள் செய்து கண்ணாடி அலமாரிகளுக்குள் நிறுத்தியிருந்தார்கள். சட்டி வனைகிறவர், வலை வீசுகிறவர், வேட்டைக்காரர் என்று வரிசையாக நின்றார்கள். ராணிகள் இருந்த அறையில் எங்களைப் போன்றவர்களைக் கடைசியிலாவது உள்ளே விட்டிருக்கிறார்களே என்று ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டேன். அந்தச் சந்தோஷம் கடைக்கோடி அலமாரி வரைக்கும்தான்.

அங்கே ஒரு பெண் பொம்மை நின்றது. இடுப்பில் கூடை, கையில் கதிரரிவாள். உடம்பில் அம்மாவின் கூறைச்சேலை. கீழே சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'குடியானவப் பெண். புல்லறுக்கச் செல்லும் கோலம்.'

அம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். "இதான். முந்தில மஞ்சக்கறை தெரியுது பாரு. கண்ணாலத்தன்னிக்கு உங்கய்யன் கை பட்டது" என்றாள். குரலில் அழுகை இல்லை. பிறகு அரிவாளைக் காட்டி, "கூறையக் கட்டிக்கிட்டு ஆராச்சும் புல்லறுக்கப் போவாங்களா சாமி?" என்று என்னைக் கேட்டாள்.

எங்கள் பெண்கள் கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டுவார்கள், அதை முன்னால் வைத்துச் சுற்றியிருந்தார்கள். அதுகூடப் போகட்டும். பொம்மையின் கழுத்து மூளியாக இருந்தது. தாலி இல்லை, ஒரு மஞ்சள் கயிறுகூட இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் புருஷன் போய்த் தாலி இறங்கியவள் வெள்ளைதான் கட்டுவாள். தாலி இல்லாத கழுத்தும் முகூர்த்தச் சேலையும் கையில் அரிவாளுமாக ஒரு பெண்ணை நிறுத்தி, இவள்தான் குடியானவச்சி என்று ஊரைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் படித்து, சம்பளம் வாங்கி, மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, எங்கள் தெருவில் போகிற எந்தப் பெண்ணையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அன்று எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கண்ணாடியை ஏன் உடைக்கவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன்.

ஆபீசர் இளவயதுக்காரர், மரியாதையானவர்தான். எங்களை உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"ஏனுங் சாமி, எங்கூட்டுச் சேலை ஒண்ணு இங்க இருக்குதுங்க. படம் வரையறதுக்குன்னு வாங்கிட்டு வந்தாங்க. வரைஞ்சு முடிஞ்சிருக்குமுங்க. குடுத்தீங்கன்னா வாங்கிட்டுப் போயிருவேனுங்க."

அவர் ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு, பீரோவிலிருந்து ஒரு கனமான ரிஜிஸ்தரை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். நெற்றி சுருங்கிற்று. "இரவல் என்று இதில் இல்லையேம்மா. உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டு, ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பினார்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். படித்தேன். 'எனது சொந்தமான கல்யாணச் சேலை ஒன்றை மனமுவந்து மியூசியத்துக்கு அன்பளிப்பாக அளிக்கிறேன். திருப்பித் தரத் தேவையில்லை.' கீழே அப்பாவின் கையெழுத்து. கிஸ்தி ரசீதில் போடுகிற அதே கையெழுத்து, கடைசி எழுத்தை வளைத்துக் கீழே ஒரு கோடு இழுப்பார், அந்தக் கோடும் இருந்தது.

"என்ன சாமி எழுதியிருக்குது?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

ஒன்றும் புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அழிந்துபோயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'எனது சொந்தமான' என்ற வார்த்தையில் என் கண் நின்றுவிட்டது. மாமன் வாங்கிக் கொடுத்து அம்மா கட்டிய சேலை எப்போது இவருக்குச் சொந்தமாயிற்று? அந்த ஆத்திரத்தில் உரக்கப் படித்துவிட்டேன், கையெழுத்து வரைக்கும். மெதுவாகவாவது படித்திருக்கலாம். அது ஒன்றுக்காக மட்டும் இன்றும் வருத்தப்படுகிறேன்.

ஆபீசர் எங்களுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உங்கள் வீட்டுக்காரரைச் சும்மா விடவில்லையம்மா. கலெக்டர் துரையே கையெழுத்துப் போட்டு நற்சாட்சிப் பத்திரம் அனுப்பியிருக்கிறார். வீட்டில் இருக்குமே?" என்றார்.

இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இங்கிலீஷில் எழுதி, சிவப்பு அரக்கு முத்திரை வைத்த காகிதம். கிஸ்தியை ஒழுங்காக வசூலித்துக் கட்டியதற்கு வந்தது என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் சாமி படங்களைத் துடைக்கிறபோது அம்மா அதையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பாள். தன்னுடைய சேலையைக் கொண்டுபோனதற்கு வந்த கூலிக்குத்தான் பொட்டு வைக்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அம்மா ரிஜிஸ்தரை அவர் பக்கமே தள்ளிவைத்தாள். பிறகு, "சரிங்க, சேலைய நீங்களே வெச்சுக்குங்க. அந்தப் பொம்மை கையில இருக்கற அருவாள மட்டும் எடுத்துருங்க. கழுத்துல ஒரு மஞ்சக் கவுறு கட்டி உடுங்க. கவுறு நானே தாரேன்" என்றாள்.

"அதற்கெல்லாம் மேலிடத்து உத்தரவு வேண்டும் அம்மா. நாமாக எதையும் மாற்றக் கூடாது" என்றார் ஆபீசர்.

கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து எடுத்து வர எந்த உத்தரவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மஞ்சள் கயிறு கட்ட மேலிடத்து உத்தரவு வேண்டும்! வேண்டுமானால் மனு எழுதிப் போடச் சொன்னார். நான் பிற்பாடு மூன்று மனு எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது, பரிசீலனையில் இருப்பதாக.

வெளியே வரும்போது காவல்காரர், "என்னம்மா, கொண்டாந்தத அப்பிடியே திருப்பி எடுத்துட்டுப் போற?" என்றார்.

"ராணிக்குக் கொண்டாந்ததுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளை ஊரில் கொண்டுபோய் விட நானே போனேன். தனியாக அனுப்ப மனசில்லை. அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"துரை ஆளு கேக்கறப்போ எப்பிடிப் புள்ள மாட்டேங்கறது? ஒரு பழந்துணி. அதுக்குப் போயி..." என்றார்.

அம்மா சட்டத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"நாஞ் செத்தா இதையப் போத்தித் தூக்கீட்டுப் போங்க" என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு அவள்தான் போட்டாள், அதே நெய்யை ஊற்றி. எனக்கு அதுதான் தாங்கவில்லை. மறுநாள் புறப்படும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதைய ஆருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மிணி. உங்கய்யன் ஊருக்குள்ள நாலு பேத்துக்கு ஞாயஞ் சொல்றவரு. மொகம் வேணுமல்ல" என்றாள். அவருக்கு முகம் வேண்டும்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

யுத்தம் முடிகிற சமயத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அவள் விரும்பியபடியே அப்பாவுக்கு முன்னால் போனாள். நான் ஊருக்குப் போனபோது குளிப்பாட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அப்பா சேலத்துக்கு ஆள் அனுப்பிப் புதுப் பட்டுச்சேலை வாங்கி வைத்திருந்தார். நல்ல விலை இருக்கும். ஊரே கூடியிருந்த இடத்தில், வயதான ஒரு பங்காளிப் பெண் பட்டை விலக்கி வைத்துவிட்டு, "இது என்னத்துக்கு? இவளோட கூறை எங்க?" என்று கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். யாரையும் கெஞ்சி அறியாத மனிதர், அன்று கண்ணால் கெஞ்சினார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் எனக்கு நினைவிருந்தது. ஆனால் அவள் அங்கே ஈரத் தலையோடு கிடந்தாள். காய்ச்சலில் கிடந்தபோது கேட்ட அதே கிசுகிசுப்பு பின்வரிசையில் மறுபடியும் ஆரம்பமாயிற்று. விற்றுவிட்டாள் என்ற பழியை அவள் தலையில் போட்டு அனுப்புவதற்கு நான் சம்மதிக்கவில்லை.

"கூறை அரமனைல இருக்குதுங்க. எங்கம்மாளக் கேக்காம எங்கய்யன் எடுத்துக் குடுத்துட்டாருங்க. குடுத்து, துரைகிட்டப் பத்திரம் வாங்குனாருங்க" என்றேன். வாசலில் இருந்த ஆண்கள் வரைக்கும் கேட்டிருக்கும்.

அம்மாவின் தாய்மாமன் மகன் பிறந்த வீட்டு முறையாகப் போடுகிற கோடித்துணியோடு ஓரமாக நின்றிருந்தார். சாதாரண நூல் சேலை. அவர் முன்னால் வந்து அதைப் பெண்களிடம் நீட்டி, "இது போதுமுங்க" என்றார். அதைத்தான் கட்டினார்கள். கொசுவத்தைப் பின்னால் வைத்து நானே சரிசெய்தேன். பட்டு அப்படியே மடிப்புக் கலையாமல் கிடந்தது.

காரியமெல்லாம் முடிந்து நான் சேலத்துக்குக் கிளம்புகிற நாள், அப்பா வண்டி வரைக்கும் கூட வந்தார். நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார்.

"நீ அதையச் சொல்லாம இருந்திருக்கலாம் சாமி" என்றார்.

"நீங்க அதையக் குடுக்காம இருந்திருக்கலாமுங்க" என்றேன்.